நம்பிக்கை இடைவெளி இடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மாதிரியை வைத்து, உண்மைச் சராசரி எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கலாம் என்று சொல்வது நம்பிக்கை இடைவெளி. அதற்கான சூத்திரம் ஒரே வரி. சராசரியை எழுது, திட்டப் பிழையை டி-மதிப்பால் (அட்டவணையில் பார்த்து எடுக்கும் ஒரு பெருக்கெண்) பெருக்கு, வந்ததைச் சராசரியோடு ஒரு முறை கூட்டு, ஒரு முறை கழி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை விதமாக வழுக்கி விழலாம் என்பது விடைத்தாள் திருத்தி உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக, ஒவ்வொரு தவறும் விடையில் ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது. விடை எப்படி இடிக்கிறது என்று பார்த்தால் எங்கே தவறினோம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே தரவை எடுத்துக்கொள்கிறேன். ஆல்பர்ட் மைக்கல்சன் 1879 கோடையில், அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில், சுழலும் கண்ணாடியை வைத்து ஒளியின் வேகத்தை அளந்தார். அப்போது அவருக்கு வயது 26. அந்த 100 அளவுகள் புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. 'மோர்லி' (morley) என்று தட்டினால் வந்துவிடும். (மோர்லிக்கும் இந்த அளவீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் மைக்கல்சனோடு சேர்ந்து செய்தது 1887இன் ஈதர் சோதனை, அதாவது ஒளி பரவும் ஊடகம் என்று அப்போது நம்பப்பட்ட ஈதரைத் தேடியது. பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.) தரவு 20, 20 ஆக ஐந்து தொகுப்புகள். நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில், 299,000ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதியிருப்பார்கள். முதல் தொகுப்பு இது:

850, 740, 900, 1070, 930, 850, 950, 980, 980, 880, 1000, 980, 930, 650, 760, 810, 1000, 1000, 960, 960

சராசரி 909. அளவுகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கம் 104.93. இதை √20 ஆல், அதாவது 4.472 ஆல் வகுத்தால் திட்டப் பிழை 23.46. இருபது அளவுகளுக்கு, ஒன்று குறைத்து, அட்டவணையில் 19ஆம் வரிசையில் 95 சதவீதத்துக்கான டி-மதிப்பு 2.093. பெருக்கினால் 49.1. ஆக, இடைவெளி 859.9 முதல் 958.1 வரை. இதுதான் சரியான விடை. ஒரு தாளில் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். கீழே எல்லாமே இதிலிருந்து எப்படி விலகுகிறது என்பதுதான்.

அறிகுறி: இடைவெளி நம்ப முடியாத அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது

909க்கு இருபுறமும் 49 வர வேண்டிய இடத்தில் 1.5 வருகிறதா? எக்செலில் கான்ஃபிடென்ஸ்.டி என்ற சார்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். முதல் கட்டத்தில் 0.95 என்று கொடுத்திருப்பீர்கள். அது கேட்பது நம்பிக்கை அளவை அல்ல, ஆல்ஃபாவை, அதாவது 1இல் நம்பிக்கை அளவு போக மிச்சத்தை. 95 சதவீதம் வேண்டுமென்றால் 0.05 கொடுக்க வேண்டும். 0.95 கொடுத்தால் அது சமர்த்தாக 5 சதவீத இடைவெளியைப் போட்டுத் தரும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. அதே கணக்கை 99 சதவீதத்துக்கும் போடுங்கள். இடைவெளி அகல வேண்டும். நம் தரவுக்கு 49 என்பது 67 ஆகும். உங்களுக்குக் குறுகினால் ஆல்ஃபா தலைகீழாக இருக்கிறது.

1.5 இல்லாமல் 11 வந்தால் நோய் வேறு. திட்ட விலக்கம் கேட்கிற கட்டத்தில் திட்டப் பிழையைப் போட்டுவிட்டீர்கள். நீங்கள் ஒரு முறை √20 ஆல் வகுத்தீர்கள், சார்பு இன்னொரு முறை வகுத்துவிட்டது. எக்செலின் இந்தச் சார்பு வர்க்கமூலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். நீங்கள் திட்ட விலக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

இவை எதுவும் இல்லாமல், கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் இடைவெளி ஒடுங்கியிருக்கிறது என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அது ஆபத்தான வகை.

அறிகுறி: இடைவெளி ஊருக்கே பந்தல் போட்டதுபோல் விரிந்திருக்கிறது

689 முதல் 1129 வரை வருகிறதா? √20 ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். 104.93ஐயே 2.093 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். திட்ட விலக்கம் ஒவ்வொரு அளவும் எவ்வளவு அலைகிறது என்று சொல்வது. திட்டப் பிழை சராசரி எவ்வளவு அலையும் என்று சொல்வது. இருபது பேர் சேர்ந்து இழுக்கிற தேர் ஒருவர் தள்ளாடினால் அவ்வளவாக ஆடாது. சராசரியும் அப்படித்தான், தனி அளவைவிட நிதானமானது.

சரி, வகுத்தும் அகலமாகத்தான் இருக்கிறது என்றால், உங்கள் மாதிரி சிறியது அல்லது தரவு உண்மையிலேயே சிதறியது. அது பிழை அல்ல, செய்தி. மாதிரியை இரட்டிப்பாக்கினால் அகலம் பாதியாகும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பாதியாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு வேண்டும். இருபது அளவு எடுத்தவர் எண்பது எடுக்க வேண்டும். எந்தக் குறுக்கு வழியும் இல்லை.

அறிகுறி: "95 சதவீதத் தரவு உள்ளே இருக்க வேண்டுமே, இல்லையே!"

எண்ணிப் பாருங்கள். 859.9க்கும் 958.1க்கும் நடுவில் மேலே உள்ள இருபதில் எத்தனை? 900, 930, 950, 880, 930. ஐந்தே ஐந்து. நான்கில் ஒரு பங்கு. கணக்கு தப்பா? இல்லை. இந்த இடைவெளி தனித்தனி அளவுகளுக்காகப் போட்டதே அல்ல, சராசரிக்காகப் போட்டது. ஆயிரம் அளவு எடுத்தால் இடைவெளி இன்னும் சுருங்கும், அப்போது உள்ளே விழுகிற தரவு இன்னும் குறையும். அடுத்து வரும் ஒரு தனி அளவு எங்கே விழும் என்று தெரிய வேண்டுமென்றால் அதற்குக் கணிப்பு இடைவெளி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது எப்போதும் இதைவிட அகலம்.

எனக்குத் தெரிந்து, அனுபவம் உள்ளவர்களும் அசந்தால் இதில் மாட்டுகிறார்கள். சூத்திரம் மனப்பாடம், வந்த எண் யாரைப் பற்றியது என்பது மட்டும் மறந்துபோகிறது.

அறிகுறி: மாதிரி சிறியது, விடை பாடப்புத்தக விடையோடு ஒட்டவில்லை

டி-மதிப்புக்குப் பதிலாக, பெரிய மாதிரிக்கான 1.96ஐப் போட்டிருப்பீர்கள். அந்த எண் முழுமைத் தொகுதியின் (மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின்) திட்ட விலக்கம் முன்கூட்டியே தெரிந்தால்தான் செல்லும், அல்லது மாதிரி நன்றாகப் பெரியதாக இருக்க வேண்டும். ஐந்து எண்கள்தான் கையில் இருக்கின்றன என்றால் 1.96 அல்ல, 2.776. இருபதுக்கு 2.093. நூறுக்கு 1.984; அங்கே வித்தியாசம் பெயருக்குத்தான்.

இந்த டி-அட்டவணை பிறந்தது டப்ளினில் ஒரு பீர் ஆலையில். கின்னஸில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு நாலு, ஐந்து மாதிரிகளை வைத்தே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம். அவர் அதை 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். சின்ன மாதிரியில் திட்ட விலக்கமே நிச்சயமில்லாத ஒன்று, அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து இடம் விட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அறிகுறி: சதவீதக் கணக்கில் இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது

இருபது பல்பு சோதித்தீர்கள், ஒன்று பழுது. 5 சதவீதம். வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் மைனஸ் 4.5 முதல் 14.5 சதவீதம் வரை என்று வருகிறது. மைனஸ் நாலரை சதவீதப் பழுது என்றால் பழுதான பல்பைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு மேலே காசும் கொடுப்பார் போலிருக்கிறது. பலர் மைனஸை அழித்துவிட்டு 0 என்று எழுதிவிடுகிறார்கள். அது அறிகுறிக்கு மருந்து, நோய்க்கு அல்ல. மேல் முனையும் சேர்ந்துதான் தப்பு.

எட்வின் வில்சன் 1927இல் கொடுத்த சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். அதே இருபதில் ஒன்றுக்கு அது 0.9 முதல் 23.6 சதவீதம் வரை தருகிறது. மேல் முனை பதினாலரையிலிருந்து இருபத்து மூன்றரைக்குப் போனதைக் கவனியுங்கள். பல்பு வாங்குகிறவருக்கு அதுதான் முக்கியமான முனை.

இருபதில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்றால் வழக்கமான சூத்திரம் 0 முதல் 0 வரை என்று சொல்லும். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 3ஐ எண்ணிக்கையால் வகுங்கள். முப்பது சோதித்து ஒன்றும் பழுதில்லை என்றால், பழுது விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். துல்லியமாகப் போட்டால் 9.5 வரும். வாய்க்கணக்குக்கு இது போதாதா?

அறிகுறி: இரண்டு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஆனால் சோதனை "வித்தியாசம் உண்டு" என்கிறது

மைக்கல்சனின் மூன்றாம் தொகுப்பை எடுங்கள். சராசரி 845, திட்ட விலக்கம் 79.11, இடைவெளி 808 முதல் 882 வரை. முதல் தொகுப்பு 860 முதல் 958 வரை. 860க்கும் 882க்கும் நடுவில் இரண்டும் பொதுவாக நிற்கின்றன. அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடலாமா?

கூடாது. வித்தியாசத்துக்கே நேராக இடைவெளி போடுங்கள். 909இல் 845 போக 64. அதன் திட்டப் பிழையை எடுக்க இரண்டு திட்டப் பிழைகளையும் கூட்டக் கூடாது. வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 23.46இன் வர்க்கமும் 17.69இன் வர்க்கமும் சேர்ந்து 863, மூலம் 29.4. டி-மதிப்பு 2.03. ஆக, வித்தியாசம் 4 முதல் 124 வரை. பூஜ்யம் உள்ளே இல்லை. மேலோட்டமாகப் பார்த்த கண் இரண்டு திட்டப் பிழைகளை நேராகக் கூட்டிவிட்டது: 41. அதனால்தான் ஏமாந்தது.

இடைவெளிகள் தொடவே இல்லை என்றால் வித்தியாசம் உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். தொட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, தனியாகக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் இன்னொன்று: ஐந்து தொகுப்புகளில் பத்து ஜோடி இருக்கிறது, அதில் எனக்குத் தோதான ஜோடியைப் பொறுக்கித்தான் இதைக் காட்டினேன். நிஜ ஆய்வில் அப்படிப் பொறுக்குவது தனிக் குற்றம்.

அறிகுறி: "உண்மை மதிப்பு இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று எழுதினால் மார்க் போகிறது

கணக்கு சரி, வாக்கியம் தப்பு. இந்த முறையை 1930களில் வகுத்த புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் இதில் கறாரானவர்: 95 என்பது முறைக்குக் கொடுத்த மார்க், வந்த விடைக்குக் கொடுத்தது அல்ல.

பொருட்காட்சியில் வளையம் வீசும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நட்ட கம்பு நகராது. வளையம்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. உங்கள் கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை கம்பில் மாட்டும் கை. கண்ணைக் கட்டி வீசச் சொல்கிறார்கள். வீசினீர்கள், விழுந்துவிட்டது. இப்போது வளையம் கம்பில் இருக்கிறது அல்லது இல்லை. கட்டை அவிழ்க்காத வரை உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கையைப் பற்றித்தான்.

தேர்வில் இப்படி எழுதுங்கள்: "இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டால், நீண்டகாலப் போக்கில் 95 சதவீத இடைவெளிகள் உண்மைச் சராசரியை உள்ளடக்கும்." வீட்டில் பேசும்போது பழைய வாக்கியத்தையே சொன்னால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது; ஆனால் அந்த வாக்கியத்தைக் கணக்கிலேயே நியாயப்படுத்த வேண்டுமானால் பேயஸ் வழியில்தான் போக வேண்டும், அதற்கு முன்னனுமானம் ஒன்றை, அதாவது தரவைப் பார்க்கும் முன்பே உண்மை மதிப்பைப் பற்றிய ஒரு கணிப்பை, கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

கணினியில் நூறு இடைவெளி போட்டுப் பார்த்தேன், 93தான் மாட்டின, 95 வரவில்லை என்று பதறுகிறவர்களுக்கு: பதற வேண்டாம். 91 முதல் 99 வரை எது வந்தாலும் சகஜம். பத்தாயிரம் போட்டுப் பாருங்கள், 95ஐ ஒட்டி வந்து நிற்கும்.

அறிகுறி: கணக்கில் ஒரு தப்பும் இல்லை, இடைவெளி அழகாக ஒடுங்கியிருக்கிறது, உண்மை மட்டும் வெளியே நிற்கிறது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் இது மிச்சம் இருக்கும் என்பதுதான்.

மைக்கல்சனின் நூறு அளவுகளையும் சேர்த்துப் போடுவோம். சராசரி 852.4, திட்ட விலக்கம் 79.01, திட்டப் பிழை 7.90. இடைவெளி 836.7 முதல் 868.1 வரை. முப்பத்தொரு கிலோமீட்டர் அகலம்; மூன்று லட்சத்தில் முப்பத்தொன்று. பிரமாதம்.

முதல் சந்தேகம் இங்கே: இந்த நூறும் நிஜமாகவே நூறா? ஐந்து தொகுப்புகளின் சராசரிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 909, 856, 845, 820.5, 831.5. ஒரே தொகுப்புக்குள் இருக்கிற அளவுகள் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. முதல் தொகுப்பே மேலே தூக்கலாக நிற்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நாலு வீட்டுக் கருத்து என்று எழுதினால் எப்படி இருக்கும், அதுபோல. இதற்குக் கறாரான வழி, தொகுப்புச் சராசரிகள் ஐந்தை மட்டும் தரவாக எடுத்துக்கொள்வது. சராசரி அதே 852.4. திட்ட விலக்கம் 34.37, √5 ஆல் வகுத்தால் 15.37, டி-மதிப்பு 2.776. இடைவெளி இப்போது 810 முதல் 895 வரை. அகலம் 85. முப்பத்தொன்று என்பது பொய்யான நிச்சயம்.

கள ஆய்வில் இதுதான் அதிகம் நடக்கிறது. ஒரே வகுப்பு மாணவர்கள் நாற்பது பேர், ஒரே தொட்டி மீன்கள் முப்பது, ஒரே நோயாளியிடம் பத்துத் தடவை எடுத்த ரத்த அழுத்தம். எண்ணிக்கைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கும்போது "எத்தனை எண்கள்" என்று கேட்காமல், "ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனை ஆரம்பங்கள்" என்று கேளுங்கள்.

அகலத்தைச் சரிசெய்துவிட்டோம். இப்போதாவது உண்மை உள்ளே வருகிறதா? அளந்தது காற்றில், காற்றுக்கும் வெப்பநிலைக்கும் சேர்த்து 92 கூட்ட வேண்டும் என்பது மைக்கல்சனின் கணக்கு. அப்படிக் கூட்டினால் வெற்றிடத்தில் 299,944. நம் அகலமான இடைவெளியையும் அதே 92ஆல் நகர்த்தினால் 299,902 முதல் 299,987 வரை. இன்று ஒளியின் வேகம் 299,792.458. உள்ளே வரவில்லை. பக்கத்தில்கூட இல்லை, இடைவெளியின் நடுவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. நூறு அளவுகளின் திட்டப் பிழையான 7.90ஐ வைத்துப் பார்த்தால் பத்தொன்பது மடங்கு.

எங்கே தப்பியது? அளவுகள் எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. தராசில் அரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால் நூறு தடவை நிறுத்தாலும் அந்த அரைக் கிலோ போகாது. நூறு தடவை நிறுத்ததால் தப்பான எடை மேலும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான். சூத்திரத்துக்குள் போகிறது எண்களின் சிதறல் மட்டுமே. எல்லா எண்களிலும் சமமாக உட்கார்ந்திருக்கிற கோளாறு சிதறலில் தெரியாது, ஆகவே அகலத்திலும் தெரியாது.

மைக்கல்சன் இதை அறியாதவர் அல்ல. அவர் கொடுத்த முடிவு 299,944, கூட்டல் கழித்தல் 51. நம் சூத்திரம் நூறு அளவுகளுக்கு 16 என்றுதான் சொல்லும். தூரத்தை அளந்ததில், நேரத்தைக் கணித்ததில், கருவியில் என்று தனக்குத் தோன்றிய கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மோசமான பக்கத்திலேயே வைத்துக் கூட்டி அவர் பிழையளவைப் பெரிதாக்கினார். அப்படியும் கீழ் முனை 299,893. உண்மை இன்னும் நூறு கிலோமீட்டர் கீழே.

ஆகவே இந்த அறிகுறிக்குக் கணக்கில் மருந்து தேடாதீர்கள். வேறு கருவியில், வேறு ஆளை வைத்து, வேறு ஊரில் அளந்து பாருங்கள். கேள்வித்தாள் ஆய்வு என்றால் பதில் தராதவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். அறிக்கையில் சிதறலால் வந்த அகலத்தை ஒரு வரியிலும், கருவியும் மாதிரித் தேர்வும் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்ற உங்கள் சந்தேகத்தை அதற்கடுத்த வரியிலும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் பின்னால் வருகிறவரால் பிரித்தெடுக்க முடியாது.